வாடகைக்கு எடுத்த லென்ஸ்

மூன்று நாளைக்கு எண்பது யூரோ.
கீறல் விழுந்தால் தனிக் கணக்கு.
தலையணை உறைக்குள் சுருட்டி
சைக்கிள் பையில் படுக்கவைத்து
ஹார்லிங்கனில் முதல் படகைப் பிடித்தோம்,
நானும் ஹில்கேயும்.

ஹில்கே அஞ்சலகத்தில் கடிதம் பிரிப்பவன்.
எந்தப் பறவை பறந்தாலும்
அதற்கொரு முகவரி வைத்திருப்பான்.
இது மொரிட்டானியா, இது செனகல்,
இது உள்ளூர், கையெழுத்து வேண்டாம்.

தீவின் கிழக்கு முனை.
கூடு கட்டும் மாதமென்று
பாதி மணலைக் கயிறு போட்டு மூடியிருந்தார்கள்.
கயிற்றுக்கு இப்பால் நாங்கள்,
அப்பால் மற்ற எல்லாரும்.

காலை முழுக்க ஒன்றும் தேறவில்லை.
கரண்டிவாயன் வந்தது, தலையை வெட்டிவிட்டேன்.
ஆலா ஒன்று மீனோடு எழும்பியது,
என் படத்தில் இருப்பது
மீன் மட்டும், அதுவும் வால்பாதி.
சிப்பிபிடிப்பான்கள் இரண்டு
கடன் கேட்க வந்தவர்களைப் போல
தலைக்குமேல் நின்று கத்தித் தீர்த்தன.
காப்பியில் மணல்.
ரொட்டியில் மணல்.
"லென்ஸில்?" என்றான் ஹில்கே.
நான் பதில் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு வற்றம்.
கடல் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனபின்
திட்டின் ஓரத்தில் ஒரு சாம்பல் மூட்டை.
யாரோ விட்டுச்சென்ற கோட்டு என்று நினைத்தேன்.
கோட்டு வாய் திறந்து அழுதது.

அழுகுணி என்பார்கள் இந்தப் பக்கம்,
தாயில்லாமல் கரையில் கிடக்கும்
கடல்நாய்க் குட்டியை.
பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதே பெயர்தான்.

மண்டியிட்டேன். பிறகு குப்புறப் படுத்தேன்.
லென்ஸ் தூரத்தைத் தின்னும்,
நான் முழங்கையால் மிச்சத்தைத் தின்றேன்.
ஒரு கண் வந்து சட்டம் முழுக்க நிறைந்தது.
கறுப்பு, ஈரம்,
அதற்குள் வளைந்த வானம்,
வானத்தின் அடியில் ஒரு சின்னக் கறை.
அது நான்தான்.
மீசை மயிரில் ஒட்டிய மணலைக்கூட
எண்ணிவிடலாம் போலிருந்தது.
வாழ்நாளில் இப்படியொரு படம் எடுத்ததில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு, எண் நினைவிருக்கிறது.

"அதை விடு," என்றான் ஹில்கே, பைனாகுலரை இறக்காமல்.
"தண்ணீரைப் பார்."

ஓடையின் பழுப்பு நீரில் ஒரு தலை.
அமிழ்ந்தது. வேறிடத்தில் எழுந்தது.
குட்டி அழும் பக்கம் அது திரும்பவேயில்லை.
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரமாய் என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
அவனுக்கும் சொல்ல மனமில்லை.

எழுந்தால் மிரளும்.
வந்தபடியே வயிற்றால் பின்வாங்கினேன்,
மணல் சட்டைக்குள் போய்ச் சேர்ந்தது.
இருபது இழுப்புக்கு ஒரு தடவை
பட்டனை அழுத்தினேன்.
எண்பது யூரோ கொடுத்த விரல்
சும்மா இருக்குமா?

மணல்மேட்டின் பின்னால் காற்று.
புல் காதை அறுத்தது.
அழுகை நின்றதா,
காற்று தின்றதா, தெரியவில்லை.
கடைசிப் படகு ஆறரைக்கு.

ஞாயிறு இரவு, சமையலறை மேசை.
இருநூற்றுப் பன்னிரண்டில் கண்.
பதினாறில் ஒரு முகம்.
இருபதில் சோற்றுப் பருக்கை அளவு.
இருபத்தைந்தில் புள்ளி.
இருபத்தெட்டில்
புள்ளிக்குப் பக்கத்தில் ஏதோ.

கடற்பாசி, என்றான் ஹில்கே.
பெரிதாக்கினேன்.
சாம்பல் சதுரம், அதையொட்டி இன்னொரு சாம்பல் சதுரம்,
எது எங்கே முடிகிறதென்று
சொல்ல முடியாத ஒரு கோடு.
பாசிக்கு நிழல் அப்படி விழாது என்றேன்.
விழும் என்றான்.
இருவரும் அதோடு தூங்கப் போனோம்.

திங்கள் காலை கடைக்காரி ட்யிட்ஸ்கே
கண்ணாடியை விளக்கில் சாய்த்து
ஊதி, தட்டி, ஒரே ஒரு மணலை
நகத்தால் எடுத்து மேசையில் வைத்தாள்.
முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு
"நல்ல படம் ஏதாவது?" என்றாள்.

கண்ணைக் காட்டவில்லை.
கடைசிப் படத்தை நீட்டினேன்.
"வெறும் மணலா?"

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்
என்றேன்.