எட்டாவது ஷரத்து

முத்திரைத்தாளில் ஏழு ஷரத்து எழுதியாயிற்று.
ஃபேன் நான்கு, ஒன்றுக்குக் காற்று குறைவு.
டியூப்லைட் மூன்று. கொடி கட்ட ஆணி ஆறு.
மேற்குச் சுவரில் மழைக்கு ஊறல் காணும் என்பதைக்கூட
மறைக்கவில்லை நான்.
பக்கத்து வீட்டுச் சேவல் மூன்றரைக்கே கூவும்.
பலாவில் காய் எனக்கு, சருகு அவர்களுக்கு.
எட்டாவதற்கு இடம் விட்டுப்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

புரோக்கர் தாசையன் சொல்கிறான்:
"அண்ணாச்சி, எறும்பு கிடக்குன்னு சொல்லி
எவனாவது சீனி விக்கானா?"
அடுக்களையிலிருந்து லில்லிபுஷ்பம்:
"ஆறு மாசமா மாடி பூட்டிக் கிடக்கு.
லோனைப் பேய் வந்தா அடைக்கும்?"

போன தடவை சொல்லவில்லை.
தேனிப் பக்கத்துப் பையன்,
தக்கலையில் பேங்க் வேலை.
பதினேழாம் நாள் சாவி தபாலில் வந்தது.
அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவே இல்லை.
அதில்தான் நான் முதலில் பயந்தேன்.

பெரிதாக ஒன்றுமில்லை.
ராத்திரி இரண்டே முக்காலுக்கு
அடுக்களைக் குழாய் தானே திறக்கும்.
பாத்திரம் துலக்கும் சத்தம், கொஞ்ச நேரம்.
பிறகு தானே அடைந்துகொள்ளும்,
ஒரு சொட்டு ஒழுகாமல்,
தண்ணீரின் விலை தெரிந்த கை போல.

பிளம்பர் சகாயம் நாலு முறை வாசர் மாற்றினான்.
ஐந்தாம் முறை கூலி வாங்காமல் போனான்.
ஜெபக்குழு வந்தது, மூன்று நாள் உபவாசம்;
ஆமென் சொல்லி முடிக்கவும் குழாய் திறந்தது.
குலசேகரத்திலிருந்து வந்தவர்
செம்புத் தகடு எழுதி நிலையில் அடித்தார்.
தகட்டில் களிம்பேறியதுதான் மிச்சம்.

பேய் உண்டு என்று சொல்லிவிடலாம்.
வாடகையில் ரெண்டாயிரம் குறையும், அவ்வளவுதான்.
ஆனால் அதோடு விடுவார்களா?
யாரு, என்ன வயசு,
எப்படிச் செத்தா,
போக வேண்டியவ எதுக்கு இங்கேயே நிக்கா?

றெஜினாள். முப்பத்தாறு வயது.
அண்டி ஆபீசில் பருப்பு உரித்தவள்.
அண்டிப்பால் பொள்ளிக் கறுத்த விரல்கள்.
ஆபீசைப் பூட்டிய வருஷம்
மூன்று மாத வாடகை பாக்கி.
நான் சத்தம் போடவில்லை.
சட்டிபானையைத் தெருவில் எறியவில்லை.
மரியாதைக்காரன்.
மோட்டார் அறைக்குப் போய்
மாடி லைனின் கேட் வால்வை மட்டும்
வலப்பக்கமாக ஏழு சுற்று.
கேட்டதற்கு, பைப்பில் ஏதோ அடைப்பு என்றேன்.

நாலாம் நாள், ஐப்பசி மழை.
சானல் கரைமுட்டி ஓடியது.
ஒரு பானையும் இரண்டு தட்டும்
துலக்க எடுத்துக்கொண்டு போனாள்.
பானை மடையில் தங்கியது.
அவளை மறுநாள்தான் எடுத்தார்கள்.
போலீஸ் எழுதியது: கால் வழுக்கி.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.
வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல்,
இடப்பக்கமாக ஏழு சுற்று.
யாரும் பார்க்கவில்லை.

வந்துவிட்டார்கள்.
சுபின், ஷைனி, இடுப்பில் ஒரு பிள்ளை.
அவன் சுவரைத் தட்டிப் பார்க்கிறான்,
பிளக் பாயிண்ட் எண்ணுகிறான்.
அவள் நேரே அடுக்களைக்குப் போய்
அந்தக் குழாயில் கை வைத்து, திருகாமல், கேட்கிறாள்:
"அங்கிளே, தண்ணிக்குக் கஷ்டம் உண்டா?
இப்ப இருக்க வீட்டுல ஓனர்
கோவம் வந்தா அடச்சுப் போடுவாரு."

தாசையன் என்னைப் பார்க்கிறான்.
லில்லிபுஷ்பம் காலண்டரைப் பார்க்கிறாள்.
"இல்ல மக்கா. ராத்திரியும் வரும்."
அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

கீழே இறங்கிப் போய்
வால்வின் வட்டக் கைப்பிடியை
ஸ்பானர் போட்டுக் கழற்றினேன். துரு, கை சிவந்தது.
சாவிக்கொத்தோடு சேர்த்து அவளிடம் நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து,
"இது எதுக்கு அங்கிளே?" என்கிறாள்.

பேனா சட்டைப்பையில் இருக்கிறது.
பிள்ளை கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறது.
அவள் இன்னும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.