காதுகுத்து மொய், 1971

பள்ளிக்கூடத்தில் வம்ச மரம் வரைந்து வரச் சொன்னார்கள்.
சார்ட் வாங்கினேன், பச்சை ஸ்கெட்ச் வாங்கினேன்,
முடித்தால் கொத்துப் பரோட்டா என்றும் ஆசை காட்டினேன்.
நிதர்சன் நாலு பேர் எழுதி
ஐந்தாவது கிளையில் ஒரு குரங்கை உட்கார வைத்துவிட்டு
"போரடிக்குதும்மா" என்று எழுந்து போனான்.

நானும் விட்டுவிட்டேன்.
ஒன்பது வயதில் எனக்கு மட்டும்
பாட்டன் பூட்டன் மேல் என்ன அக்கறை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊதியூரில் கல்யாணம்.
அவர்கள் நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று பார்க்க
பீரோ மேலிருந்து மொய் நோட்டுகளை இறக்கினேன்.
எல்லாவற்றுக்கும் அடியில்
அப்பாரு கையெழுத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு,
ஓரமெல்லாம் கரப்பான் தின்றது.

அவனுக்குக் கதை பிடிக்காது, கணக்குப் பிடிக்கும்.
"ஒரு ரூவா எழுதுனவங்க நாப்பத்தி மூணு பேரு.
ஒருத்தரு ரெண்டு வள்ளம் கம்புன்னு எழுதியிருக்காரு,
அதை எப்படிம்மா கூட்டறது?"
பனியன் கம்பெனியில் நாளெல்லாம்
பீஸ் பார்த்துவிட்டு வந்த அலுப்பு எனக்கு.
"அதை விட்டுட்டுக் கூட்டு."
விடவில்லை. கம்பைத் தனியாக ஓரத்தில் எழுதிக்கொண்டான்.

பிறகு செலவுப் பக்கம்.
ஆசாரிக்கு, கிடாய்க்கு, பந்தலுக்கு,
தோடு மூணு ஜோடி.

"தாத்தாவோட பொறந்தவங்க எத்தனை பேரு?"
சிவக்கா அத்தை மட்டும்தான்.
"அப்ப ஆறு காது எப்படி வந்துச்சு?"

முதல் பக்கத்துக்குப் போனான்.
பிள்ளையார் சுழிக்குக் கீழே மூன்று பேர்கள்.
நடுவில், செல்லாத்தா.

முப்பத்தாறு வருஷமாக என் காதில் விழாத பேர்.
அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது,
அவரும் சொன்னதில்லை.

தாராபுரத்துப் பங்காளி ஒருவரை அவனே போனில் பிடித்தான்.
"அதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்ப, சாப்புட்டியா?"
"சாப்புட்டனுங்க. செல்லாத்தா யாருங்க?"
லைன் கட்டாகிவிட்டது.

அன்றைக்கு டிவி கேட்கவில்லை.
கடைசி அட்டையின் உள்பக்கம், பென்சிலில்,
மொய்யோடு சம்பந்தமில்லாத ரெண்டு வரி இருந்தது:
ஈரோடு ஆஸ்பத்திரி. பஸ், போக ரெண்டரை டிக்கெட்.
வர ரெண்டு.

விரலை வைத்து மறுபடியும் படித்தான்.
அவனுக்கும் இன்னும் அரை டிக்கெட்தான்,
கண்டக்டர் முன்னால் அதைச் சொல்லக் கூடாது என்பான்.
என் முகத்தைப் பார்த்தான்.
அடுப்பில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது சார்ட் தரையில் விரிந்திருந்தது.
குரங்கு ஸ்கெட்சில் வரைந்தது, அழியவில்லை.
அதன் வாலுக்குப் பக்கத்தில் அவள் பேரை
இடுக்கி இடுக்கி எழுதியிருந்தான்.

"அம்மா, அந்த மூணாவது ஜோடித் தோடு எங்க?"

வெள்ளகோயில் அத்தைக்குப் போட்டோம்.
முழுசாக அடித்து நின்றது.
"தூங்கியிருப்பாங்க சாமி."
"மறுக்கா போடும்மா."