கோடு வரைக்கும்

நீல மூடிக் குழாயில் ஒரு கோடு உண்டு.
இரத்தம் அதுவரைக்கும் வரவேண்டும்.
குறைந்தாலும் பொய் சொல்லும்,
கூடினாலும் பொய் சொல்லும்.
டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் வாரம்
வார்டு வார்டாகப் போய் நான் சொன்னது
இது ஒன்றுதான்.

நாலாம் வார்டுக் குழாய்:
பெருமாள் தியாகு, வயது முப்பத்தெட்டு.
கவ்வாத்துக் கத்தி கெண்டைக்காலில் இறங்கி ஒன்பது நாள்.
மஞ்சளும் கோப்பித்தூளும் அப்பிக்கொண்டு
எட்டு நாள் பிரட்டுக்குப் போயிருக்கிறார்.
பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை.
ஒன்பதாம் நாள் நடுங்கியபடி
மனைவியைப் பார்த்து
யாரென்று கேட்டாராம்.

முப்பத்தேழு பாகைத் தண்ணீருக்குள் கண்ணாடிக் குழாய்.
மருந்தை விட்டதும் கடிகாரத்தை அமுக்குகிறேன்.
சாய்க்கிறேன், நிமிர்த்துகிறேன்,
சாய்க்கிறேன்.
ஜன்னலில் மூடுபனி மூக்கை வைத்து நிற்கிறது.
என் இரத்தத்தில்
பன்னிரண்டாவது வினாடி ஒரு நூல் விழும்,
விடிகாலைத் தேயிலை வாதில் சிலந்தி கட்டுமே, அப்படி.
பார்க்கத் தெரியாதவர்களுக்கு
அது அங்கே இல்லை.

இவருடையது
பன்னிரண்டில் தண்ணீர்.
பதினைந்தில் தண்ணீர்.
பத்தொன்பதில் விழுந்தது.
மறுநாள் இருபத்துநான்கு.
மூன்றாம் நாள் முப்பத்தொன்று.

ஊசி குத்திய துளையில் கசிந்துகொண்டே இருக்கும் இரத்தம்
உள்ளே, சிறுநீரகத்தின் மயிரிழைக் குழாய்களில்,
வேண்டாத இடத்தில் உறைகிறது.
பத்தாம் நம்பர் மலையில் ஆளெல்லாம் போய்க் குவிந்தால்
மற்ற மலைகள் வெறிச்சென்று கிடக்குமே,
அதுதான் நடக்கிறது.

டாக்டர் தினூஷ போனில் எண்ணைக் கேட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, ஹரி, ஹரி, என்றார்.
எதுவும் சரியில்லாதபோதுதான்
அதை இரண்டு தடவை சொல்வார்.

"எத்தனை, மிஸ்?"
ஜன்னலுக்கு வெளியே புஷ்பலதா.
கொழுந்து நிறுக்கிறவரிடம் கேட்பது போலவே,
தராசு முள்ளை விட்டுவிட்டு
முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்.
பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப்பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
எண் கூடினால் நல்லது என்பதுதான்
அவள் பதினாறு வயதிலிருந்து கண்ட கணக்கு.
முப்பத்தொன்று என்று சொன்னால்
சிரித்துவிடுவாளோ என்று பயந்தேன்.
டாக்டர் சொல்வார் என்றேன்.

கண்டிக்கு அனுப்பலாமென்றால்
கினிகத்தேனையில் மண் சரிந்து பாதை அடைப்பு.
இரவு நுவரெலியாவிலிருந்து நாலு பை பிளாஸ்மா வந்தது,
பனிக்கட்டியாய், வெளிறிய மஞ்சளில்.

நாலாம் நாள்: இருபத்தாறு.
எழுதப்போன கை நின்றது.
இந்த ஐந்து வினாடி அவருடையதா,
முகம் தெரியாத யாரோ
கையை நீட்டிக் கொடுத்த இரவலா?
தாளில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.
எழுதினேன்.

ஐந்தாம் நாள் காலைக் குழாய்
கோட்டுக்கு ஒரு நெல் குறைவு.
கொண்டுவந்த கருணாதாச கையை விரித்தார்.
நரம்பே இல்லை மிஸ்,
இதையே பாதத்தில்தான் எடுத்தார்கள்.

ஒரு நெல்தானே.
செய்தால் ஓர் எண் வரும், நீண்டதாக.
அதை நம்பி இன்னும் இரண்டு பை ஏற்றுவார்கள்,
அல்லது புஷ்பலதாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள்.
குறைவு, மறுபடி எடுக்கவும் என்று எழுதித்
திருப்பிக் கொடுத்தேன்.
கருணாதாச என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதவில்லை.

வாங்கில் இருந்தவள் எழுந்தாள்.
"இன்னொருக்கா குத்தணுமா?"
ஆமாம்.
"காலு சூடாத்தான் இருக்கு மிஸ்.
விடிய நான் தொட்டுப் பார்த்தேன்.
எடுத்துக்கட்டும்."

தண்ணீர்த் தொட்டியின் முள் முப்பத்தேழில் நின்றது.
கடிகாரத்தைப் பூச்சியத்துக்குத் திருப்பி வைத்தேன்.
நாலாம் வார்டுப் பக்கமிருந்து
ரப்பர் செருப்புச் சத்தம்
வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.