உள்ளே போகும் ஆமாம்

லிக்செலேயில் நவம்பர் காலை எட்டரை.
சன்னலுக்கு வெளியே இன்னும் ராத்திரிதான்.
தெற்கே மால்மோவிலிருந்து
மாற்று ஆசிரியையாக வந்து மூன்றாம் வாரம்.
ஐந்தாம் வகுப்பு. பதினாறு பேர்.
வெப்பக்குழாய்மேல் ஈரக் கையுறைகள்
நாறிக்கொண்டே காய்கின்றன.

மொழி எதற்கு?
என்று பலகையில் எழுதிவிட்டு,
இங்கிலீஷில் பேசுங்கள், தப்பானால் பரவாயில்லை என்றேன்.
பதினாறு வாயிலும் கொழுக்கட்டை.

கேள்வி புரிந்ததா, இல்வா?

அவள் உதட்டைக் குவித்து
ஷுப் என்று
காற்றை உள்ளே இழுத்தாள்.
பயந்துவிட்டாள் போலிருக்கிறது.
உடம்புக்கு ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே இருக்கிறாய்?
மறுபடியும் ஷுப்.
மூச்சு முட்டுகிறதோ என்று
ஓடிப்போய்ச் சன்னலைத் திறந்தேன்.
பனி வந்து வருகைப் பதிவேட்டில் விழுந்தது.

லிபானுக்குத்தான் பொறுக்கவில்லை.
கிஸ்மாயோவில் பிறந்தவன், எதற்கும் கை தூக்காதவன்,
எழுந்தே நின்றுவிட்டான்:
"டீச்சர், அவள் ஆமாம் சொல்லுறது.
இந்த ஊர் ஆமாம் வெளியே வராது.
உள்ளே போகும்.
நானும் முதல் வருஷம் பயந்தேன்.
எல்லாருக்கும் ஆஸ்துமா, நினைத்தேன்."

சிரிப்பில் கையுறை ஒன்று கீழே விழுந்தது.

செம்ஹார் சிரிக்கவில்லை.
"என் அம்மா," என்றாள், சொல் தேடி, கையால் காற்றைப் பிசைந்து,
"அம்மா அஸ்மாராவுக்கு போன் பேசும். அப்போது அதே.
அதே மூச்சு. அதே ஆமாம்."
இழுத்துக் காட்டினாள்.
இல்வா திரும்பிப் பார்த்தாள்.
மூன்று வருஷமாய் ஒரே பெஞ்சு.

அதற்குப் பிறகு யார் யாரை நிறுத்துவது?
குறுஞ்செய்தியில் இதை எப்படி எழுதுவது என்று ஒருவன்.
தும்மும்போது சம்மதம் கேட்டால் என்ன ஆகும் என்று இன்னொருவன்.
வீட்டு நாய்க்கு ஸ்வீடிஷ் தெரியும்,
இங்கிலீஷில் உட்கார் என்றால்
வருத்தமாய்ப் பார்க்கிறது, அது புரிகிற பார்வையா
புரியாத பார்வையா என்று
எம்ரிக் மேசையைத் தட்டிச் சண்டை.
வினைச்சொற்கள் காலம் தவறி விழுந்தன,
பன்மைகள் ஒருமையாய் ஓடின.
சிவப்புப் பேனாவுக்கு மூடி கழற்றவில்லை நான்.
சன்னலை மூடவும் மறந்திருந்தேன்.

மணி அடித்தது.
வியாழக்கிழமையும் இதையே பேசலாமா?

பதினாறு ஷுப்.
ஒரு கணம் வகுப்பில் காற்றே இல்லை.

அன்றிரவு மால்மோவிலிருந்து அவர் அழைத்தார்.
ரொம்பக் குளிரா அங்கே?
இழுத்தேன்.

ஹலோ, என்றார்.
ஹலோ? லைனில் இருக்கிறாயா?