எடுத்துப் போனால் போதும்

ஹாலிஸ் ப்ரூவிட் வீட்டு அஞ்சல் பெட்டிக்குக் கீழே
அட்டையில் பெயின்டால் எழுதியிருந்தது:
மூங்கில் இலவசம். ரம்பம் உங்களுடையது.
அதனடியில், வேறொரு நாளின் கோபத்தில்,
தயவுசெய்து.

டென்னசியில் மார்ச் மழை விட்ட சனிக்கிழமை.
வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்
மறைவுக்கென்று மூன்றே மூன்று தூர் நட்டாராம்,
நட்டுவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாராம்.
மூங்கில் போகவில்லை.
வேலிக்கு அடியில் நுழைந்து
கார் நிற்கும் இடத்துத் தாரைப் பிளந்து
போன வசந்தத்தில் சமையலறைத் தரையில்
பச்சை மூக்கை நீட்டியதாம்.
"பதினோரு வருஷம்" என்றார் ஹாலிஸ்,
தண்டனைக் காலத்தைச் சொல்வதுபோல.
"காசு வேண்டாம். திருப்பி மட்டும் கொண்டுவராதே."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
மூங்கிலைத் தட்டிப் பார்க்கலாம்.
விரல்முட்டியால் தட்டினேன்.
இளசு பொத்தென்றது.
மூன்று வயதானது கிண்ணென்றது.
கிண்ணென்றதைக் கணுவுக்குக் கீழே வைத்து அறுத்தேன்.
ஒன்றின் வயிற்றிலிருந்து
என்றைக்கோ தேங்கிய தண்ணீர்
என் கையுறைக்குள் இறங்கியது, ஜில்லென்று.

நாற்பத்திரண்டு கழி.
சின்னக் காரின் கூரைக்கு அதிகம்தான்.
பின்னால் நீளும் நுனியில் சிவப்புத் துணி தொங்க வேண்டும், சட்டம்.
துணிக்கு எங்கே போவது?
என் சிவப்புக் காலுறை ஒன்று போயிற்று.
ஒரு கால் ஈரச் செருப்புக்குள் விறைக்க,
மேடு வரும்போதெல்லாம் கூரைமேல் கழிகள் பல்லைக் கடிக்க
வீடு சேர்ந்தேன்.
லியோட்டா சன்னலைத் திறந்து கேட்டாள்:
"யார் யாருக்குப் பணம் கொடுத்தது?"

ஆணி அடித்தால் பிளக்கும்.
இரண்டு கழி பாழான பிறகு தெரிந்துகொண்டேன்.
பழைய சைக்கிள் டியூபை நாடாவாக நறுக்கி
கழியும் கழியும் சந்திக்கும் இடமெல்லாம்
எட்டுப் போட்டு இறுக்கினேன்.
பீன்ஸுக்குக் கூடாரச் சாய்வில் கொழுகொம்பு.
நடைபாதையில் நான்கு கால் ஊன்றி,
வளையச் சம்மதித்த இரண்டு இளசுகளைத் தலையில் வளைத்து
திராட்சைக்கு ஒரு பந்தல்.
லியோட்டா ரசமட்டம் வைத்துப் பார்த்தாள்.
குமிழி ஓரமாக ஒதுங்கி நின்றது.
அவளும்.

கொடிக்கு ரசமட்டம் தெரியாது.
ஆனால் பீன்ஸுக்குப் பிடிவாதம் உண்டு,
ஒரே பக்கமாகத்தான் சுற்றும்.
ஒன்றை அவிழ்த்து எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டேன், சும்மா.
இரண்டாம் நாள் காலை
என்னைத் திருத்திவிட்டிருந்தது.

ஜூலையில் ஹாலிஸ் வந்தார்.
பந்தல்வரை வந்தவர் உள்ளே நுழையவில்லை.
முழங்கால் சத்தமிடக் குனிந்து
நான்கு காலடியிலும் மண்ணைக் கிளறினார்,
பூட்டை இழுத்துப் பார்க்கும் இரவுக் காவலர் மாதிரி.
"வேர் விடலையே?"
"வெட்டின கழிதானே. வேர் எல்லாம் உங்களிடம் இருக்கிறது."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்தார்.
நிழலுக்குள் ஒரு காலை வைத்தார், பிறகு மற்றதை.
உள்ளங்கையால் ஒரு கழியைப் பிடித்தார்,
அசைத்தார்.
"இது ஒரே இடத்தில் நின்று
இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

மேலே ஓர் அறுபட்ட வாயைக்
குளவி ஒன்று மண் கொண்டுவந்து அடைத்துக்கொண்டிருந்தது.
அது போய் வர, போய் வர
நாங்கள் பேசாமல் பார்த்தோம்.
ஒரு பீன்ஸைப் பறித்துப் பச்சையாகவே கடித்தார்.
பை நிறையக் கொடுத்தேன்,
காசு வேண்டாம் என்றேன், சிரித்துவிட்டார்.

கதவருகே திரும்பி
பந்தல் நுனியைக் காட்டிக் கேட்டார்:
"அந்தக் காலுறை எதற்கு?"

மறந்தே போயிருந்தேன்.
"சட்டம்" என்றேன்.