இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ்

காரை வெளியே தள்ளினால்தான் ஸ்டூடியோ.
சாட்ஸ்வர்த், யூனிட் ஐந்து.
சுவரெல்லாம் முட்டை அட்டை, மூலையில் நிறுத்திய மெத்தை,
நாற்காலிக்கு அடியில் எஞ்சின் ஆயில் கறை.
தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

உறுமியைக் கூட்டு என்கிறான் மோர்கன்.
தாத்தா முருகன்தான்;
பதிவேடு எழுதியவன் காதில் அப்படி விழுந்திருக்கிறது.
என் இடது கை எங்கே என்கிறான் கீபோர்டுக்காரன்.
பேஸ் கித்தார் எதுவும் கேட்பதில்லை,
நான் தேநீர் எடுக்கப் போனால் தானே ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பான்.
எல்லோரையும் ஏற்றினேன்.
சிவப்பு விளக்கு அணையவே இல்லை.
பாட்டு, மழைக்கு மறுநாள் உம்லாஸ் ஆறு மாதிரி
டயரும் செம்மண்ணும் பிளாஸ்டிக்கும்
எது எதென்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு லோட் ஷெட்டிங்.
சேமித்தேனா, ஞாபகமில்லை.
பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் எழுந்து
தெருவையே வயிற்றால் அழுத்தியது.
வேலிக்கு அப்பால் மிஸஸ் செட்டி யாரையோ கூப்பிடுகிறாள்,
வாய் அசைகிறது, அவ்வளவுதான்.
அரைமணியில் பெட்ரோல் தீர்ந்தது.
அவள் குரலை உயர்த்தவில்லை,
உயர்த்தவே இல்லை,
ஆனால் ஒவ்வொரு எழுத்தும் என் மேசைமேல் வந்து விழுந்தது:
ஃப்ரிட்ஜைத் திறக்காதே, மீன் கெட்டுப்போகும்.

கரண்ட் வந்ததும் கழிக்க ஆரம்பித்தேன்.
கீபோர்டில் இருநூற்றைம்பது ஹெர்ட்ஸைச்
சட்டி அடி சுரண்டுவதுபோல் சுரண்டி
அந்த இடத்தை உறுமிக்கு விட்டேன்,
வளைகுச்சி தேய்த்து முனகட்டும்.
இடது கையை ஊமையாக்கினேன். அவனிடம் சொல்லவில்லை.
தவிலின் முதல் அடி தப்பி வெளியே ஓடும்வரை
கம்ப்ரஸர் பொறுத்திரு,
முப்பது மில்லி செகண்ட்,
இப்போது பிடி.
தாளம் இடப்பக்கம். சங்கு வாசலுக்கு வெளியே.
நடுவில் திலோஷ்னி மட்டும்;
அவள்மேல் ஊற்றியிருந்த எதிரொலியை
மூன்று விநாடியிலிருந்து அரை விநாடிக்கு இறக்கினேன்.

சத்தம் முன்பைவிடக் குறைவு.
கால் தானாகத் தட்டியது.

அப்போதுதான் கேட்டது.

வழி காட்டு முருகா என்பது பாட்டு.
அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது,
இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தாள்தான்.
அதில் ழகரத்துக்கு ஓர் எல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.
வலி காட்டு என்று பாடுகிறாள்.
மூன்று வருடமாக.
கலங்கல் மூடி வைத்திருந்தது.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒரு வருடம் போனவன் நான்,
வித்தியாசம் தெரியும், நாக்குதான் மடங்காது.

போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு, ராத்திரி டியூட்டி.
மறுபடி பாட வருகிறாயா என்றேன்.
ஏன், என்ன பாடிவிட்டேன்?
சொன்னேன்.
அவளுக்குப் பின்னால் ஒரு டிராலிச் சக்கரம் கிறீச்சிட்டுக் கடந்தது.
ராத்திரி முழுக்க நான் கேட்பதே அதுதான், எங்கே வலிக்குது காட்டு என்று,
இருக்கட்டும் விடு என்றாள்.
யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

எதிரொலியை ஏற்றி மூடிவிடலாமா என்று
விரல் ஒருமுறை போனது.
போய்த் திரும்பி வந்தது.

காலையில் மோர்கன் காரில் போட்டுக் கேட்டான்,
கண்ணாடிகளை ஏற்றி, முழுசாக.
அப்பாடா, உறுமியைக் கூட்டிவிட்டாயே என்றான்.
நான் அதைத் தொடவே இல்லை.