பதினோராம் வினா

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில் என் பெயர் சரி.
மல்லாவியில் ஒரு ‘ல்’ குறைவு.
மலாவி என்று போட்டு
என்னை ஆபிரிக்காவில் குடியேற்றியிருக்கிறார்கள்.
அதன் கீழே,
நிலை: செயலற்றது.
செயலற்றவர் என்றுகூட இல்லை.
நாலு வருஷம் சந்தா கட்டாதவளுக்கு
அஃறிணைதான் பொருத்தம்.

நானாகக் கேட்டு வாங்கிய நிலைதான்.
பால் சேகரிப்பு நிலையத்தின் பின்னறை,
மூன்று கதிரை, சத்தம் போடும் மின்விசிறி.
இரத்தினகோபால் அழுதுகொண்டிருந்தார்,
மனைவி யன்னலைப் பார்த்தபடி,
நான்
கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொன்று.
ஒன்றுக்கும் நாற்பத்தொன்றுக்கும் இடையில்
அந்த மனிசன் என்ன சொன்னாரென்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
அடுத்த கிழமை கடிதம் எழுதினேன்:
தனிப்பட்ட காரணங்கள்.

மீளச் செயற்படுத்த வேண்டியவை:
நிலுவைச் சந்தா.
தொடர்கல்வி முப்பது மணித்தியாலம்
(வவுனியாவில், ஐந்து சனிக்கிழமை,
விடியப்புறம் பஸ் பிடித்து).
மேற்பார்வையாளரின் கடிதம்.
சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி.
பேந்து, வினாக்கள்.

பதினொன்றில் நிற்கிறது பேனை.
‘செயலற்ற காலத்தில் தாங்கள்
குடும்ப உளவளத்துணை வழங்கினீர்களா?
ஆம் எனில் விபரம் தருக.’

இல்லை என்று எழுதினால்,
குளக்கட்டில் சைக்கிளை நிறுத்தி
“மிஸ், உங்களுக்கு இப்ப லைசன்ஸ் இல்லையாம், தெரியும்,
சும்மா கேக்கிறன்,
ஒரு வீட்டுக்க ரெண்டு உலை கொதிச்சா” என்று தொடங்கி
இருட்டும்வரை நின்ற யூடித் எங்கே போவாள்?
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ம் என்றேன். பத்துப் பன்னிரண்டு தரம்.
ம் ஒரு சேவையா?

ஆம் என்று எழுதினால்,
நெல் காயப்போட்ட றோட்டோரத்தில்,
பல்லுப் பிடுங்க நின்ற வரிசையில்
காதில் விழுந்ததெல்லாம் விபரமாகிவிடும்.
விபரமாகக் கூடாதவை அவை.

முன்பு குடும்ப வரைபடம் கீறுவேன்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
செத்தவருக்கு மேலால் ஒரு குறுக்கு.
பஸ்ஸில் ஏற்றிப் போன மூத்தவனை எப்படிக் கீறுவதென்று
யூடித்தின் மாமி ஒருநாள் கேட்டா.
படித்த புத்தகத்தில் குறி இல்லை.
சதுரத்தின் ஒரு பக்கத்தைக் கீறாமல் விட்டேன்.
அவ அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தா.
இந்தப் படிவத்திலும் சதுரங்கள்தான்,
நாலு பக்கமும் மூடி.

அதோடு ஒருத்தன்.
மழை நாள். படலையைப் பிடித்தபடி நின்றான்.
“அம்மாவும் நானும் கதைக்கிறேல்ல. ஒரு வருஷம்.”
சட்டப்படி சொன்னேன்:
“தம்பி, நான் இப்ப செய்யிறேல்ல.
கிளிநொச்சி ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை கிளினிக்.”
துண்டில் எழுதியும் கொடுத்தேன்.
எந்தப் பரீட்சையிலும் முழுப் புள்ளி கிடைக்கும் பதில்.
அடுத்த நாள் பார்த்தேன்:
மதகுக் கட்டில் அந்தத் துண்டு,
பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்.
எறியக்கூட மனமில்லாத பிள்ளை.
அவனைப் பற்றிப் படிவத்தில் வினாவே இல்லை.

அற்புதமலர் மிஸ்ஸுக்கு அழைப்பெடுத்தேன்.
“இல்லை எண்டு போடும்.
கேட்டது வேற, வழங்கினது வேற.”
கொஞ்சநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
“அந்த ஆணிக் கதையையும்
நீர் ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கேல்லத்தானே.”

இல்லை.
கையொப்பம். திகதி.
விட்ட ‘ல்’லை நானே போட்டு
ஊருக்குத் திரும்பினேன்.

தபாற்கந்தோருக்கு மதகால்தான் போகவேண்டும்.
கட்டில் நாலைந்து கற்கள் கிடந்தன.
எது அது என்று
தெரியவில்லை.